ஒத்தக்குழல் துப்பாக்கி: வாங்கலாமா, வேணாமா?



போன வாரம் செஞ்சி பக்கத்துல இருக்கிற என் மச்சினன் போன் பண்ணான். மல்லாட்டை போட்ட கழனியில ராத்திரி காட்டுப்பன்னி பூந்து முக்கால் காணியைக் கிளறிப் போட்டுட்டுப் போயிடுச்சாம். "மாமா, பக்கத்து ஊருல ஒருத்தர்கிட்ட பழைய ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு இருக்குது. பேப்பரு எதுவும் இல்ல, அதனால கம்மி வெலைக்குத் தர்றேன்றாரு. உங்க வூட்டுல துப்பாக்கி இருந்துச்சே, மருந்து கெட்டிக்கிறது உங்களுக்குத் தெரியும்ல? வாங்கலாமா?"ன்னு கேட்டான்.

வேணாம்னு சொன்னேன். ஆனா வெறுமனே வேணாம்னு சொன்னா பன்னியால நஷ்டப்பட்டவனுக்கு அது பதில் ஆகாது. இதே நெனப்பு உங்கள்ல பல பேருக்கு இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால இந்த விஷயத்துல எனக்குத் தெரிஞ்சதையும் என் அபிப்பிராயத்தையும் சேத்து எழுதறேன். சுருக்கமா சொன்னா, பன்னிக்குன்னு இந்தத் துப்பாக்கிய வாங்காதீங்க. குறி பாத்து சுடப் பழகணும்னு ஆசை இருந்தா, முறையா லைசென்ஸ் எடுத்து வாங்குங்க. ஆனா பழகறதுக்கு ஒரு இடம் வேணும். விவசாயிக்கு அந்த இடத்தக் காட்ட வேண்டியது அரசாங்கத்தோட கடமை. இதுதான் என் கட்சி.

எது எது ஒத்தக்குழல்?

ஒத்தக்குழல்னு பொதுவா சொல்றோம். அதுல மூணு வகை இருக்குது. வெலை பேசறதுக்கு முன்னாடி எது எதுன்னு தெரியணும்.

முதல் வகை, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. குருவிக்காரங்க தோள்ல தொங்கறத சின்ன வயசுல பாத்திருப்பீங்க. இதுக்குக் கடையில விக்கிற தோட்டா கெடையாது. ஒவ்வொரு வெடிக்கும் மருந்து, நார், ரவை எல்லாத்தையும் நாமளே குழல் வாய் வழியா போடணும்.

ரெண்டாவது, பின்பக்கம் மடக்கித் தோட்டா போடற 12 போர் ஒத்தக்குழல். பேங்க் வாசல்ல காவலுக்கு நிக்கிறவரு கையில இருக்குமே, அந்தக் குடும்பம். இதுக்கு ரெடிமேட் தோட்டா.

மூணாவது, குறி சுடற ரைஃபிள். பாயிண்ட் 22 போர். காலேஜ்ல என்.சி.சி.யில சேந்த பசங்களும் பொண்ணுங்களும் சுட்டுப் பழகறது பாயிண்ட் 22லதான். முதல் ரெண்டு வகைக்கும் குழல் உள்ள வழவழன்னு இருக்கும். ரைஃபிளுக்கு மட்டும் குழல் உள்ள முறுக்கு முறுக்கா வரி வெட்டியிருப்பாங்க. குண்டு அந்த வரியில பட்டு சுத்திக்கிட்டே போறதால நேராப் போகும். பம்பரம் சுத்தற வரைக்கும் சாயாம நிக்குதே, அந்தக் கணக்குதான்.

பழைய குறிசுடற ரைஃபிள் வாங்கணும்னு ஆசைப்படறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். 1980கள் நடுவுலயே தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பண்றத அரசாங்கம் நிறுத்திடுச்சு. பேர் எடுத்த போட்டி வீரர்களுக்குத்தான் விலக்கு. அதனால இங்கிலாந்து பி.எஸ்.ஏ., ஜெர்மனி ஆன்ஷுட்ஸ் மாதிரி பழைய ஒத்தவெடி ரைஃபிள் எல்லாம் லைசென்ஸ் உள்ள ஒருத்தர்கிட்ட இருந்து லைசென்ஸ் உள்ள இன்னொருத்தருக்குக் கைமாறினாத்தான் உண்டு. பாயிண்ட் 22 தோட்டாவ சுட்டதுக்கப்புறம் திரும்ப ரொப்பவும் முடியாது. தீப்பிடிக்கிற மருந்து அடித்தட்டு விளிம்புக்குள்ளயே இருக்கும், குதிரை அடிச்சதும் விளிம்பு நசுங்கிடும், அதோட அந்தக் கூடு குப்பைதான். மத்த தோட்டாவ வூட்டுல உக்காந்து ரொப்பலாமேன்னு சிலர் கேப்பாங்க. அனுமதி இல்லாம தோட்டா செய்யறது ஆயுதச் சட்டப்படி குத்தம். ஆகவே விவசாயி கையாலயே ரொப்பி சுடற துப்பாக்கின்னா அது முதல் வகை, வாய்வழித் துப்பாக்கி மட்டும்தான்.

கெட்டிக்கிற வேலை

எங்க வூட்டுல இருந்தது அந்த வகைதான். பாகூர் பக்கம் எங்க ஊரு. எங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்துல வாங்கினது. அப்புறம் எங்க அப்பா பேருல லைசென்ஸ் இருந்துச்சு. கரும்புல நரி பூந்தாலும், நெல்லுல பறவை எறங்கினாலும் அதட்டறதுக்கு ஒரு வெடி. அப்பா கெட்டிக்கும்போது கிட்ட உக்காந்து பாத்துப் பாத்து நானும் கத்துக்கிட்டேன்.

முதல்ல குழல் காலியான்னு கோலை உள்ள விட்டுப் பாக்கணும். கோல்ல ஒரு கோடு போட்டிருக்கும். வெறும் குழல்னா கோடு வாய் வரைக்கும் எறங்கும். எறங்கலன்னா உள்ள பழைய மருந்து இருக்குதுன்னு அர்த்தம். அதப் பாக்காம மேல இன்னொரு வெடிக்கு மருந்து போட்டவன் கையும் கண்ணும் போன கதை ஊருக்கு ஒண்ணு இருக்கும். அப்புறம் அளந்த கரிமருந்து. அதுக்கு மேல தேங்காய் நாரோ துணியோ வச்சு கோலால ஒரே சீரா அழுத்தணும். அதுக்கு மேல ரவை. அதுக்கு மேல மறுபடியும் நார், ரவை உருண்டு வெளிய வராம இருக்க. எல்லாம் முடிஞ்சு, குழல் ஆள் இல்லாத பக்கம் பாத்து இருக்கும்போதுதான் குதிரைக்கு அடியில கேப்பு மாட்டணும். கேப்பு முதல்ல மாட்டிட்டு மருந்து போடறவன் துப்பாக்கி பிடிக்கவே தகுதி இல்லாதவன்னு அப்பா சொல்லுவாரு.

மருந்து எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன். அது குழலுக்குக் குழல் மாறும். பத்திரிகையில படிச்சோ, எவனோ சொல்லிக் கேட்டோ போடற அளவு இல்ல அது. அந்தக் குழலைத் தெரிஞ்ச கை காட்டித் தரணும்.

ரெண்டு விஷயம் மட்டும் கட்டாயம் எழுதணும், ஏன்னா உயிர் போற விஷயம். ஒண்ணு, நார் வச்சு அழுத்தும்போது மருந்து மேல முழுசா உக்காரணும். நடுவுல காலி இடம் விட்டா குழல் அந்த இடத்துல புடைச்சுக்கும், வெடிச்சும் போகும். ரெண்டு, 12 போர் தோட்டாவ அறுத்து அதுல இருக்கிற மருந்த எடுத்து இந்தக் குழல்ல போடறாங்க சில புத்திசாலிங்க. அது புகையில்லா மருந்து. கரிமருந்த விட அதோட அழுத்தம் பல மடங்கு ஏறும். பழைய இரும்பு தாங்காது. பன்னிக்கு வச்ச வெடி, பிடிச்சவன் முகத்துலயே வெடிக்கும்.

கரிமருந்துன்னா வெடியுப்பு, கரி, கந்தகம். வெடியுப்பு இருக்கே, ஈரத்த இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம கடலோரக் காத்துல ரெண்டு நாள் வெளிய இருந்தா நமுத்துப் போயிடும். விசைய இழுத்தா கேப்பு மட்டும் 'டப்'புங்கும், வெடி வராது. அப்போ உடனே குழலைத் திருப்பிப் பாக்கக் கூடாது. சில நேரம் மருந்து உள்ள கனிஞ்சுக்கிட்டு இருந்து கொஞ்ச நேரம் கழிச்சு வெடிக்கும். குழல அதே பக்கம் நீட்டிக்கிட்டு பொறுமையா நிக்கணும். சுட்டு முடிஞ்ச அன்னிக்கே சுடுதண்ணி ஊத்திக் குழலைக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போடணும். ஒரு ராத்திரி அப்படியே விட்டா அந்தக் கரியில இருக்கிற உப்பு இரும்பத் தின்ன ஆரம்பிச்சிடும்.

இவ்வளவு வேலை ஒரே ஒரு வெடிக்கு. அந்தக் காலத்துல தினம் பயிற்சி எடுத்த சிப்பாயே வாய்வழித் துப்பாக்கியில நிமிஷத்துக்கு 3 வெடிதான் சுடுவான்னு சொல்லுவாங்க. நம்மள மாதிரி ஆளு, இருட்டுல, வரப்பு மேல, பனியில நனைஞ்சுக்கிட்டு எத்தன நிமிஷத்துக்கு ஒண்ணு சுடுவோம்னு யோசிச்சுப் பாருங்க.

பன்னிக்கு ஏன் ஆகாது?

காட்டுப்பன்னி பெரும்பாலும் தனியா வராது. தாய், குட்டின்னு கூட்டமா வரும். ராத்திரிலதான் வரும். வழவழக் குழல்ல ரவை 30, 40 கஜம் தாண்டினா சிதறிப் போயிடும். அந்தத் தூரத்துல பட்டாலும் தடிச்ச தோலும் கொழுப்பும் உள்ள மிருகம், விழாது. அடிபட்டுக்கிட்டு கரும்புக்குள்ள ஓடிடும். மறுநாள் காலையில களை எடுக்கப் போற பொம்பளைங்க மேல அது பாயும். நம்ம கையில இருந்த ஒரு வெடி தீந்து போச்சு. அடுத்த வெடிக்கு மருந்து கொட்டிக்கிட்டு நிக்கிறவன் மேல பன்னி திரும்பினா ஓடறதுக்கு எங்க இடம்?

இருட்டுல கரும்புல சலசலன்னா அது பன்னியா, தண்ணி கட்ட வந்த பக்கத்துக் கழனிக்காரனா? சுட்டதுக்கப்புறம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

சட்டம் ரெண்டு இருக்குது

இங்கதான் நெறைய பேர் குழம்பறாங்க. துப்பாக்கிக்கு ஒரு சட்டம், பன்னிக்கு ஒரு சட்டம்.

துப்பாக்கிக்கு 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதுல 13ஆம் பிரிவுல பயிர்ப் பாதுகாப்புன்னு தெளிவா எழுதியிருக்குது. உண்மையா பயிரக் காக்கறதுக்குன்னு கேட்டா வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அது போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினா மட்டும் வேற வழவழக் குழல் துப்பாக்கி. அதே பிரிவுல அடுத்த வரியில, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்புல உறுப்பினரா இருக்கிறவங்களுக்குக் குறி பழகறதுக்குன்னு தனியா வழி வச்சிருக்காங்க. ரெண்டு வரியும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துலயே இருக்குது. விவசாயிக்கு ஒரு துப்பாக்கி உண்டு, பழகற இடம் அந்த வரியில இல்ல. கிளப்புக்காரருக்கு ரெண்டும் உண்டு.

லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா, 2019ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் தனி. செஞ்சு வித்தவனுக்கு 7 வருஷத்துல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும். 'பேப்பர் இல்ல, அதனால கம்மி வெலை'ன்னு சொல்றாங்களே, அந்த வெலையில மிச்சமாகறது வக்கீலுக்கே பத்தாது.

பன்னிக்கு 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கையில லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறதால பன்னிய சுடலாம்னு அர்த்தம் இல்ல. பயிருக்கு ஆபத்துன்னு தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவரால அதிகாரம் தரப்பட்டவரோ எழுத்துல அனுமதி கொடுக்கணும். மயில் கதையச் சொல்லவே வேணாம். அது தேசியப் பறவை, நம்ம நெல்லத் தின்னாலும் கைகூப்பிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

கேரளாவுல 2022ல ஒரு வழி பண்ணாங்க. பஞ்சாயத்துத் தலைவருக்கே அந்த அனுமதி தர்ற அதிகாரத்தக் கொடுத்து, லைசென்ஸ் உள்ள, சுடத் தெரிஞ்ச ஆளுங்கள வச்சு சுடச் சொன்னாங்க. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வேற முறை அறிவிச்சாங்க. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, 1ல இருந்து 3 கிலோமீட்டருக்குள்ள பிடிச்சுக் காட்டுல விடணும், 3 கிலோமீட்டருக்கு மேல வந்தா வனத்துறையில பயிற்சி எடுத்தவங்க சுடலாம். ரெண்டு எடத்துலயும் ஒண்ணு பொதுவா இருக்கிறதப் பாருங்க. சுடறது பழகின கை. எனக்கும் அதுதான் சரின்னு படுது.

இதுக்குப் பதிலா நம்ம ஜனங்க பண்றது என்ன? வேலியில கரண்ட் விடறாங்க, பழத்துக்குள்ள அவுட்டுக்காய் வைக்கிறாங்க. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி விட்ட கரண்ட் வேலியில 3 யானை செத்துச்சு. கூட இருந்த ரெண்டு குட்டி அநாதையா நின்னுச்சு. பன்னிக்கு வச்ச கம்பியில சொந்த அண்ணன் தம்பி செத்த வூடும் உண்டு. பேப்பர் இல்லாத துப்பாக்கியும் இந்த வரிசையில சேந்ததுதான்னு நான் சொல்லுவேன்.

சட்டத்துக்குப் பின்னாடி இருக்கிற பயம்

கொஞ்சம் பழைய கதை. 1857ல சிப்பாய்ங்க கிளம்பினதுக்கு ஒரு தீப்பொறி இந்த வாய்வழித் துப்பாக்கிதான். என்ஃபீல்டு துப்பாக்கிக்குக் காகிதத் தோட்டா கொடுத்து, அதப் பல்லால கடிச்சுக் கிழிச்சு மருந்தக் குழல்ல கொட்டச் சொன்னான் வெள்ளக்காரன். அதுல மாட்டுக் கொழுப்பும் பன்னிக் கொழுப்பும் தடவியிருக்குதுன்னு பேச்சு கிளம்பிடுச்சு. 21 வருஷம் கழிச்சு 1878ல ஆயுதச் சட்டம் போட்டு, இந்தியன் கையில துப்பாக்கி இருக்கணும்னா லைசென்ஸ் வேணும்னு கட்டிப் போட்டான்.

அந்தச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள்ள செல்லாது. வ.வே.சு. ஐயர் 1910ல நம்ம புதுச்சேரிக்கு வந்து சேந்தாரு. வாஞ்சிநாதன் அவர்கிட்டதான் இங்க துப்பாக்கி சுடப் பழகினாருன்னு சொல்லுவாங்க. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்துல கலெக்டர் ஆஷ் சுடப்பட்டாரு. சுட்டது சரியா தப்பான்னு நான் இங்க பேச வரல. ஆள்றவன் பயத்துலதான் ஆயுதச் சட்டம் பொறந்துச்சுன்னு சொல்ல வரேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோட சேந்துச்சு, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படி இணைப்பு முழுசாச்சு. அப்புறம் இந்தியச் சட்டம் நமக்கும் வந்துச்சு. சுதந்திர நாட்டுச் சட்டம், விவசாயிக்குப் பயிர் லைசென்ஸ்னு ஒரு கதவத் தொறந்துச்சு. அது நல்லது. ஆனா பழைய பயம் முழுசாப் போகல. துப்பாக்கிய எண்ணி எழுதி வைக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, அதப் பிடிச்சிருக்கிறவனுக்குச் சொல்லித் தரணும்னு பெருசா தோணல. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள்லதான் பாதுகாப்புப் பயிற்சின்னு ஒண்ணு வந்துச்சு. கிராமத்துல மருந்து கெட்டிச்சுப் பழகறவனுக்கு அது எங்க நடக்குது, எப்ப நடக்குதுன்னு எங்க பக்கம் யாரும் தண்டோரா போட்டு நான் கேக்கல.

குறிக்குன்னா தப்பில்ல

இந்தத் துப்பாக்கிய ஒழிச்சுக் கட்டணும்னு நான் சொல்லல. அதுக்குன்னு ஒரு எடம் இருக்குது, அது குறிப் பலகை.

எங்க பக்கத்துல பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கற சொல்தா ஒருத்தர் இருக்காரு. ஜூலை 14ஆம் தேதி பீச் ரோட்டுல மெடல் குத்திக்கிட்டு நிப்பாங்களே, அவங்கள்ல ஒருத்தர். பெரிய மார்க்கெட்டுக்குக் காய் கொண்டு போற அன்னிக்கு முசேவப் பாத்துட்டு வருவேன். "பிரான்சுல இந்தக் கரிமருந்துத் துப்பாக்கிய வச்சு ஞாயித்துக்கிழமை குறி சுடற கிளப் இருக்குதுய்யா. வயசானவங்க எல்லாம் வந்து அளந்து அளந்து மருந்து போட்டு, நிதானமா சுட்டுட்டு, கழுவித் துடைச்சு எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போவாங்க"ன்னு சொன்னாரு. நான் விசாரிச்சுப் பாத்தேன், நெசம்தான். உலக அளவுல வாய்வழித் துப்பாக்கிக்குன்னே 1971ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு இருக்குது. 25, 50, 100 மீட்டர்னு போட்டி நடத்தறாங்க. வெடியோட வேகம் அங்க கணக்கே இல்ல. யாரு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கெட்டிக்கிறான்றதுதான் கணக்கு. மருந்துல ஒரு சிட்டிகை வித்தியாசம் வந்தா, நார இந்தத் தடவை கொஞ்சம் அதிகமா அழுத்தினா, குண்டு வேற எடத்துல போய் விழும். ஒரே சீரா விதை விடறவன், ஒரே சீரா வரப்பு கட்டறவன் கைக்கு ஏத்த வேலை இது.

வெளிநாடு போவானேன், குடகுல பாருங்க. கைல்பொத்து பண்டிகையில துப்பாக்கியக் கழுவிப் பூ வச்சு சாமி கும்பிட்டுட்டு, மரத்துல தேங்காயக் கட்டி யாரு உடைக்கிறான்னு போட்டி வைப்பாங்க. குடவர்களுக்கு வெள்ளக்காரன் காலத்துல இருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019ல அத இன்னும் 10 வருஷத்துக்கு, 2029 வரைக்கும் நீட்டிச்சாங்க. அந்த மாதிரி விலக்கு நமக்கு வேணும்னு நான் கேக்கல. தேங்காய் கட்டின மரம் மட்டும் இருந்தாப் போதும்னு கேக்கறேன்.

பக்கத்துல இருக்கிற கடலூர்ல பொறந்த பொண்ணு இளவேனில் வாலறிவன். குஜராத்துல வளந்து, ஏர் ரைஃபிள்ல உலகக் கோப்பை தங்கம் ஜெயிச்சு, டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்குக்கும் போச்சு. அந்தத் துப்பாக்கியும் ஒத்தவெடிதான், ஒவ்வொரு குண்டா கையால போட்டு சுடறது. 10 மீட்டர் தூரத்துல நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். நம்ம ஜனங்களுக்குக் கை இல்லாமலும் இல்ல, கண்ணு இல்லாமலும் இல்ல. பசங்களுக்குக் குறி பழக ஆசை இருந்தா முதல்ல ஏர் ரைஃபிள்ல ஆரம்பிங்க. 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாம, சக்தி 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா லைசென்ஸ் தேவையில்ல. அதுக்காகக் கொக்கு, குருவி மேல நீட்டக் கூடாது. ஊசுட்டேரி 2008லயே சரணாலயம் ஆயிடுச்சு. ஏரியில எறங்கற பறவை நம்ம விருந்தாளி.

வாங்கறதா இருந்தா

அப்படியும் ஒருத்தர் முறையா வாய்வழித் துப்பாக்கி வாங்கணும்னா, வரிசை இதுதான். முதல்ல லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. கலெக்டர் ஆபீஸ்ல மனு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சி, இத்தனையும் முடியணும். விக்கிறவருக்கு லைசென்ஸ் இருக்கணும். குழல்ல வெட்டியிருக்கிற நம்பரும் புத்தகத்துல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். கைமாறினது ரெண்டு பேர் லைசென்ஸ்லயும் ஏறணும். ஒருத்தர் 2 துப்பாக்கிக்கு மேல வச்சிருக்க முடியாது. லைசென்ஸ் 5 வருஷத்துக்கு. மருந்தும் ரவையும் அதுல எழுதியிருக்கிற அளவுதான்.

துப்பாக்கியப் பாக்கும்போது குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. துரு தின்ன குழி இருக்கா? வெளிய விரலால தடவிட்டே போங்க. எங்கயாவது புடைப்பு தட்டினா வேணாம்னு வச்சிட்டு வந்துடுங்க. கேப்பு மாட்டற குமிழ் ஆடக் கூடாது. குதிரைய முழுசா ஏத்திட்டுக் கட்டையத் தட்டினா தானா விழக் கூடாது. பாக்கறதுக்கு முன்னாடி கோலை விட்டுக் குழல் காலியான்னு பாக்கறது எல்லாத்துக்கும் முதல் வேலை.

அப்பாவோ தாத்தாவோ வச்சிருந்த துப்பாக்கி வூட்டுல இருந்தா, அதப் பரண்ல போட்டு வைக்காதீங்க. லைசென்ஸ்காரர் செத்துட்டா அந்த நிமிஷத்துல இருந்து அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான். போலீஸ் ஸ்டேஷன்லயோ, அனுமதி உள்ள கடையிலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும். வாரிசு பேருக்கு லைசென்ஸ் கேக்கலாம். பெரியவர் உசுரோட இருக்கும்போதே, அவருக்கு 70 வயசு ஆனாலோ, 25 வருஷமா அத வச்சிருந்தாலோ வாரிசுக்கு மாத்தி விடவும் விதியில இடம் இருக்குது. எங்க அப்பா போனதும் நாங்க ஒப்படைச்சிட்டோம். தேர்தலுக்குத் தேர்தல் தூக்கிக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வாங்கிட்டு வந்த அலைச்சலும் அதோட தீந்துச்சு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா சுடத் தேவையில்லாத வூட்டுல துப்பாக்கி எதுக்கு?

அரசாங்கம் செய்ய வேண்டியது

நான் கேக்கறது மூணு. பெரிய காசு ஆகிற வேலை ஒண்ணும் இல்ல.

ஒண்ணு, பயிர் லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க எல்லாரையும் வருஷத்துக்கு 2 நாள் போலீஸ் சுடுதளத்துக்குக் கூப்பிடுங்க. குழல சோதிச்சுப் பாருங்க. கெட்டுப் போனத அங்கயே ஒதுக்குங்க. நல்லா இருக்கிறத வச்சுப் பலகையில குறி சுடச் சொல்லுங்க. சுடத் தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுங்க. அதுவும் தேறாதவனுக்குப் புதுப்பிக்காதீங்க. லைசென்ஸ் புத்தகத்துல சீல் குத்தறதால யாரும் குறி கத்துக்கிட்டதா சரித்திரம் இல்ல.

ரெண்டு, பரண்ல கிடக்கிற பழைய துப்பாக்கிங்கள பயமில்லாம ஒப்படைக்க ஒரு மாசம் அவகாசம் குடுங்க. தாத்தா காலத்துத் துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போனா நம்ம மேலயே கேஸ் போட்டுடுவாங்களோன்ற பயத்துலதான் பாதி துப்பாக்கி உள்ளயே கிடக்குது. உள்ள கிடக்கிறதுதான் ஒரு நாள் கம்மி வெலைக்கு வெளிய வருது.

மூணு, பன்னிய சுடற வேலைய பழகின ஆளுங்க கிட்ட குடுங்க, ஆனா வேகமா குடுங்க. விவசாயி இன்னிக்கு மனு குடுத்து, மல்லாட்டை பிடுங்கினதுக்கப்புறம் ஆளு வந்தா அதுக்கு என்ன பேரு? மனு குடுத்த 3 நாளைக்குள்ள ஆளு வரணும். நஷ்டத்துக்குப் பணம் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கறதுக்கு முன்னாடி கையில வரணும். இது ரெண்டும் நடந்தா எந்த விவசாயியும் பேப்பர் இல்லாத துப்பாக்கியத் தேடிப் போக மாட்டான், கரண்ட் கம்பியும் இழுக்க மாட்டான். நாங்க ராத்திரில தூங்கணும்னு ஆசைப்படற ஜனங்க. இருட்டுல துப்பாக்கி பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எங்க ஆசை இல்ல.

இத நான் எழுதி அனுப்பறதோட நிக்காம, வர்ற விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டத்துலயும் மனுவா குடுக்கப் போறேன். உங்க பக்கம் பன்னித் தொல்லை இருந்தா நீங்களும் ஒரு வெள்ளப் பேப்பர்ல சர்வே நம்பர், பயிர், போன அளவு, தேதி எழுதி, போட்டோவோட குடுங்க. பத்து மனு சேந்து போனா ஃபைல் கொஞ்சம் நகரும்.